கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்டு (கதிர்வீச்சு) வைக்கும்போது குடல் கெடாமல் இருக்க, மருந்துச் சோதனையில் அம்மாவைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

'எலிக்குக் கொடுக்கற மாதிரி கொடுத்துப் பார்ப்பாங்க' என்று உங்கள் சொந்தத்திலும் யாராவது கிளப்பிவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா. நான் டாக்டர் இல்லை, ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவள். 'உனக்கென்ன தெரியும்' என்று கிளம்பி வருகிறவர்கள் இத்தோடு அடுத்த பதிலுக்குப் போகலாம்.

எங்கள் அம்மா சேர்ந்தார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. அம்மா படிவத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "நடுவுல வேண்டாம்னு சொன்னா கரண்டு வைக்கறத நிறுத்திருவீங்களா கண்ணு?" என்று நர்ஸிடம் கேட்டார். நிறுத்த மாட்டோம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார்கள். அதன் பிறகுதான் கையெழுத்து.

வெறும் மாத்திரை எதற்கு என்றுதானே சித்தப்பா குதித்தார்? சல்பாசலசின் என்று குடல் அழற்சிக்கான பழைய மருந்து ஒன்று. சின்னச் சோதனைகளில் கரண்டு பேதியைக் குறைத்ததாகத் தெரிந்து, சிபாரிசும் செய்தார்கள். அப்புறம் அமெரிக்காவில் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016-ல் வந்த முடிவு: பேதி குறையவில்லை, தொந்தரவுதான் கூட. ஒப்பிடாமல் விட்டிருந்தால் நம் அம்மாக்கள் அதை விழுங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

குடலின் உள்தோல் சில நாளுக்கொருதரம் புதிதாக முளைப்பது. முளைக்கிற செல்களைத்தான் கரண்டு முதலில் அடிக்கும். அம்மாவுக்கு மூன்றாம் வாரம் பேதி ஆரம்பித்தது. ஜவ்வரிசிக் கஞ்சியும் மஞ்சப்பையில் மாற்றுச் சேலையுமாக தினமும் சேலத்துக்குப் பஸ். 20 கொண்டை ஊசி வளைவு. அதில் வளைவுக்கு வளைவு காரை நிறுத்திப் போட்டோ எடுக்கிற கூட்டம்! பஸ் நகராது, அம்மா என் கையை நெரிப்பார். மலைக்கு வாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வண்டியை ஓரமாக விட என்ன கேடு?

சரி, உங்கள் விஷயம். சோதனையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், கரண்டுக்கு முன் தண்ணீர் குடித்து அடக்கி வைக்கச் சொன்னால் அம்மா அப்படியே செய்யட்டும். நிறைந்த மூத்திரப்பை சிறுகுடலை மேலே தள்ளிவிடும். சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்து மலத்தில் ரத்தம் வந்தாலும் 'மூலம்' என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

இந்தியாவில் சோதனை என்றால் சிடிஆர்ஐ (சோதனைகளைப் பதிகிற அரசுப் பதிவேடு) பதிவு எண் கட்டாயம், அதைக் கேட்டு வாங்குங்கள். படிவத்தில் ஒரு போன் நம்பர் இருக்கும். கையெழுத்துக்கு முன்பே அடித்துப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.