புராஜெக்ட் எழுதலாமா, வேண்டாமா?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியர் நான். பாக் நீரிணைக் கடல்புல் பற்றி நிதி கேட்டு ஒரு புராஜெக்ட் எழுத ஆசை. “எதுக்கு சார் வம்பு, பேப்பர் போட்டாப் போதும்” என்கிறார்கள் சீனியர்கள். கேட்பதா, விடுவதா?
– பெயர் வேண்டாம், தேவிபட்டினம்

பதில்: அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் பார்க்கும் ஆராய்ச்சி மதிப்பெண்ணில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட புராஜெக்ட் ஒன்றை முடித்தால் 10 மதிப்பெண், அறிவியலில் ஒரு கட்டுரைக்கு 8, அந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற அளவு) பொறுத்து அதற்கு மேலும் சேரும். வருஷக்கணக்கில் பில்லும் கையுமாக அலைந்து வாங்குவதை ஒரே நல்ல கட்டுரை தாண்டிவிடுகிறது என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

நம்ம கரையில் இன்னும் சிக்கல். நாட்டுப்படகில் போய் மாதிரி எடுத்து வந்தால் படகுக்காரர் வாடகையைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார், ஆடிட்டில் வந்து ஜிஎஸ்டி பில் எங்கே என்பார்கள். (போகும் முன்பே வாடகையைக் கல்லூரியில் ஒப்புதல் வாங்கிவிட்டு, திரும்பியதும் வவுச்சரில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.) பணம் தாமதமாக வரும், மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும், இடையில் ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வேறு. மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போவதென்றால் அது தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வராமல் ஒன்றும் நடக்காது.

இவ்வளவும் தெரிந்தே சொல்கிறேன், எழுதுங்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறிய ஒரு பிள்ளைக்கு புராஜெக்டில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) ஆக மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி சென்னைக்குப் போகாமல் சொந்தக் கடலிலேயே முனைவர் பட்டம் முடிக்கலாம், வாங்கும் மைக்ரோஸ்கோப்பில் எம்எஸ்சி பிள்ளைகளும் படிக்கலாம். இதற்கெல்லாம் யுஜிசி மதிப்பெண் தருவதில்லை, ஆனால் எனக்குத் தெரிந்து திரும்பத் திரும்ப நிதி கேட்கிறவர்கள் இதற்காகத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் அனுப்பும் முன் முதல்வரிடம் இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். நிறுவனத்துக்கென்று ஓவர்ஹெட் என ஒரு தொகை வரும், அதிலிருந்து பில், டெண்டர் பார்க்க ஒரு ஆளைப் போடச் சொல்லுங்கள். அப்புறம், வாரத்தில் சில வகுப்புகளையாவது குறைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தலையாட்டாத நிர்வாகம் “எங்கள் ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லை” என்று சொல்வதில் நியாயமே இல்லை.

கேள்வி: தனியாக விண்ணப்பிக்கலாமா, கூட்டாகவா?
– வாசகி, திருப்புல்லாணி

பதில்: முதல் தடவை கூட்டாகவே போங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மதிப்பெண் பாதியாகப் பிரியும், பரவாயில்லை. ஏற்கெனவே புராஜெக்ட் நடத்தியவர் கூட இருந்தால் பட்ஜெட்டில் படகு வாடகையை மறக்காமல் போடுவார்.