முதலில் மேசையைத் திருப்புங்கள்: கேள்வி பதில்

வேலை செய்யும், படிக்கும் இடத்தை எப்படி மாற்றினால் கவனம் நிற்கும் என்று இலங்கையின் கிழக்குக் கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு சுருக்கித் தந்திருக்கிறேன்.

கல்லடி: அண்ணன், வீட்டிலிருந்து மடிக்கணினியில் வேலை. யன்னலுக்கு முன்னால் மேசை. பத்து மணிக்கே கண் எரிகிறது. நல்ல லைட் ஒன்று வாங்கவா?

ஒன்றும் வாங்காதீங்க தம்பி, மேசையைத் திருப்புங்க. யன்னல் முகத்துக்கு நேரே இருந்தால், மங்கலான திரையையும் அதன் பின்னால் பளீரென்ற வானத்தையும் கண் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் யன்னல்தான் தெரியும். பக்கவாட்டில் வரட்டும். வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கம் நல்லது, கை நிழல் தாளில் விழாது. திரை கண்ணிலிருந்து 50 முதல் 70 செ.மீ. தள்ளியும், அதன் மேல்விளிம்பு கண் மட்டத்திலும் இருக்கட்டும். இதற்காக மடிக்கணினியைப் புத்தகங்களின் மேல் உயர்த்தினால் தனி விசைப்பலகை கட்டாயம். இல்லாவிட்டால் கழுத்து வலி தோளுக்கு இறங்கும், அவ்வளவுதான்.

செங்கலடி: மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறா. கிழக்கே பார்த்துத்தான் இருக்க வேணுமா?

வாஸ்து என் துறை இல்லை அக்கா, தெரிந்தவரிடம் கேளுங்க. எந்தத் திசை என்றாலும் முகத்துக்கு நேரே யன்னல் வேண்டாம்.

மருதமுனை: பக்கத்து அறையில் கைத்தறி. இந்த அறையில் கணக்கு வேலை. சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினால் சத்தம் குறையுமா?

குறையாது. முட்டைத் தட்டு அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் உடைக்கும், வெளியிலிருந்து வரும் சத்தத்தை மறிக்காது. தீயும் எளிதில் பற்றும். யார் சொன்னாலும் ஒட்டாதீங்க. தறியின் அடி பெரும்பாலும் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வருகிறது. தறிக்கால் ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 2 செ.மீ. தடிப்பில் ரப்பர் துண்டு வையுங்க. அதற்குப் பிறகும் தறி ஆடாமல் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்க. உங்கள் மேசை அந்தப் பொதுச்சுவரில் முட்டக்கூடாது. கடைசியாகக் கதவடி இடைவெளியை ரப்பர் பட்டையால் மூடுங்க. காற்று நுழையும் வழியெல்லாம் சத்தமும் நுழையும்.

அக்கரைப்பற்று: ஏசி போட்டும் மத்தியானம் மூன்று பேருக்கும் தூக்கம் தூக்கமாக வருகிறது.

சுவரில் மாட்டும் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிராக்கும், புதுக் காற்றைக் கொண்டு வராது. மூடிய அறையில் நீங்கள் விடும் கரியமிலவாயு சேர்ந்துகொண்டே போகும். மணிக்கு ஒரு தடவை கதவையும் யன்னலையும் 5 நிமிடம் திறந்து விடுங்க.

நிந்தவூர்: சேர், வடக்கு யன்னலில் ஆண்டு முழுக்க நேர் வெயில் வராது என்று படித்தேன். வேலை அறையை வடக்குப் பக்கம் மாற்றவா?

அது ஐரோப்பாவுக்குப் பெருமளவு பொருந்தும் விதி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழரைப் பாகையில். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய், செப்டெம்பர் முதல் வாரத்தில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கு யன்னலில் வெயில் விழும்.

களுவாஞ்சிகுடி: அதை ஒத்துக்கொள்ள ஏலாது. எங்கட வடக்கு யன்னலில் மார்கழி முழுக்க ஒரு பொட்டு வெயில் இல்லை.

மார்கழியில் சரி, அப்போது சூரியன் தெற்கே இருக்கிறது. ஆனியில் காலை ஏழரைக்கும் மாலை ஐந்துக்கும் அதே யன்னலைப் பாருங்க. வெயில் விழும் எல்லையைச் சோக்கட்டியால் தரையில் கோடு போட்டு வையுங்க, பிறகு பேசுவோம்.

நிந்தவூர்: அப்ப தெற்கு யன்னல் நல்லதா?

இரண்டுமே சமாளிக்கக் கூடியவை. யூனில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 16 பாகைதான் வடக்கே சாயும். 120 செ.மீ. உயரமான வடக்கு யன்னலின் மேல்விளிம்பை ஒட்டி வெளியே 35 செ.மீ. நிழல் தட்டு நீண்டிருந்தால் நண்பகல் வெயில் உள்ளே வராது. டிசெம்பரில் தெற்கே 31 பாகை சாயும். தெற்கு யன்னலுக்கு 72 செ.மீ. வேண்டும். காலையும் மாலையும் தாழ்ந்து வரும் வெயிலை இந்தத் தட்டு மறிக்காது, அதற்குத் திரைச்சீலைதான். மேற்கு யன்னல் உள்ள அறையை மட்டும் தவிருங்க.

ஏறாவூர்: எனக்கு இருப்பதே மேற்கு அறைதான். இரவிலும் சுவர் கொதிக்கிறது.

பகலில் குடித்த வெப்பத்தைக் கல்சுவர் இரவில் விடுகிறது. நிழலை வெளியே போடுங்க. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தை உள்திரை திருப்பி அனுப்பாது. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிக் கிடுகுத் தட்டி கட்டினால் இடையில் காற்று ஓடும். அடுப்படிக்கும் மின்கம்பிக்கும் கிட்டக் கட்டாதீங்க. மேற்கிலிருந்து கச்சான் என்ற சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் மேற்கு யன்னலைச் சாத்தி, இரவில் எதிரெதிர் யன்னல்களைத் திறவுங்க. மின்விசிறி அறையைக் குளிராக்காது, உங்கள் வியர்வையைத்தான் உலர்த்தும். ஆளில்லாத அறையில் அது ஓடத் தேவையில்லை.

காத்தான்குடி: மேசையை எந்தப் பக்கம் போடுவது?

கல்லடிக்குச் சொன்னதுதான்.

ஒலுவில்: யன்னலுக்கு நேரே போட்டால் காற்று வருமே?

காற்று பக்கவாட்டிலும் வரும். யன்னலுக்கு நேரே திரை வேண்டாம், இதை இனி எழுத மாட்டேன்.

சம்மாந்துறை: மேசை 75 செ.மீ. உயரம், எனக்குத் தோள் தூக்கிக்கொள்கிறது.

கதிரையில் நிமிர்ந்து இருந்து, முழங்கை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்க. 65 என்றால் கதிரையை 10 செ.மீ. உயர்த்தி, பாதத்துக்குக் கீழே அதே உயரத்தில் பலகை வையுங்க. பலகை இல்லாமல் கால் தொங்கினால் தொடை விறைக்கும்.

திருக்கோவில்: இரவில் மூன்று விரல் விறைத்து எழுப்புகிறது. என்ன விசைப்பலகை வாங்கலாம்?

விசைப்பலகை இருக்கட்டும் தங்கச்சி. இந்த வாரமே வைத்தியரிடம் கையைக் காட்டுங்க.