கையைத் தூக்கியபடி 46 வருஷம்

போன இதழில் ‘ஐ ஆம் பிக் பேர்ட்’ ஆவணப்படத்தைப் பற்றி நாலே வரிதான் எழுதினேன். வழக்கமாக அரசியலும் சினிமா கிசுகிசுவும் கேட்கிற கூட்டம் இந்த முறை மொத்தமாகப் பறவை பக்கம் திரும்பிவிட்டது. படம் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1969 நவம்பரில் அமெரிக்காவில் ஆரம்பித்து இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிற ‘செசமி ஸ்ட்ரீட்’ குழந்தைகள் நிகழ்ச்சியில் எட்டடி இரண்டங்குல உயரத்தில் ஒரு மஞ்சள் பறவை வரும். அதுதான் பிக் பேர்ட். அதற்குள் நின்று ஆட்டிவைத்து, குரலும் கொடுத்தவர் கெரோல் ஸ்பின்னி. அவர் கதைதான் 2014-ல் வந்த இந்தப் படம். இயக்கியவர்கள் டேவ் லமாட்டினா, சாட் வாக்கர் என்று இரண்டு பேர்.

தேவாலயத்தில் பறவை பாடுகிற இடத்தில் அழுதுவிட்டேன். இத்தனைக்கும் சின்ன வயதில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததே கிடையாது. எனக்கு ஏன் அழுகை வரவேண்டும்?
_ஒரு வாசகி, தஞ்சாவூர்_

நீங்கள் மட்டும் இல்லை, வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் சொல்கின்றன. அந்தப் பொம்மைகளுக்கெல்லாம் மூலவரான ஜிம் ஹென்சன் 1990 மே மாதம் திடீரென்று இறந்துபோனார். வயது 53. நியூயார்க்கில் செயின்ட் ஜான் தேவாலயத்தில் நினைவுக் கூட்டம். யாரும் கறுப்பு உடுத்தி வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் மனுஷர். அந்தக் கூட்டத்தில் இந்த மஞ்சள் பறவை தனியாக வந்து நின்று, பச்சையாக இருப்பது அவ்வளவு சுலபமில்லை என்று கெர்மிட் தவளை பாடுகிற பாட்டைப் பாடுகிறது. கெர்மிட்டின் கையும் குரலும் ஹென்சனுடையவை. முடிவில் பறவை சொல்வது ‘நன்றி, கெர்மிட்’, அவ்வளவுதான்.

மனிதர் ஒருவர் மேடையேறி அழுதால் அவர் முகத்தைப் பார்த்து நாமும் கொஞ்சம் சுதாரித்துக்கொள்வோம். இங்கே முகமே கிடையாது. பறவையின் முகம் எப்போதும்போல மலர்ந்தேதான் இருக்கிறது. உள்ளே நிற்பவருக்கு என்ன நடக்கிறது என்பதை நாமேதான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

வேஷம் கட்டிக்கொண்டு நடக்கிறவரை எதற்குப் பொம்மலாட்டக்கலைஞர் என்கிறீர்கள்? கல்யாண மண்டப வாசலில் கரடி வேஷத்தில் நின்று கைகொடுப்பவரும் அதே வேலையைத்தானே செய்கிறார்?
_ஒரு வாசகர், கோயம்புத்தூர்_

மண்டப வாசல் கரடியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், சித்திரை வெயிலில் அதுவும் பாடுதான். ஆனால் இது வேறு சமாச்சாரம். கரடிக்குள் இருப்பவருடைய தலை கரடியின் தலைக்குள் இருக்கும். பிக் பேர்டின் தலைக்குள் இருப்பது ஸ்பின்னியின் வலது கை. அதாவது அது ஆளுயரத்தைவிடப் பெரிய கைப்பொம்மை, ஆட்டுகிறவரும் அந்தப் பொம்மைக்குள்ளேயே நிற்கிறார். கையை நேராகத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களால் அலகைத் திறந்து மூடவேண்டும். சுண்டுவிரலில் ஒரு குட்டி நெம்புகோல், கண் அசைவதும் இமை மூடுவதும் அதனால். இடது கை இடது இறக்கைக்குள் போய்விடும். அப்போது வலது இறக்கைக்குக் கை ஏது? கிடையாது. உள்ளே பஞ்சடைத்துத் தொங்கவிட்டு, மீன்பிடி நரம்பு ஒன்றைக் கழுத்துக்குக் கீழே உள்ள வளையம் வழியாக இழுத்து இடது கையோடு கட்டியிருப்பார்கள். இடது இறக்கை இறங்கினால் வலது ஏறும். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

இதில் வெளியே பார்க்க ஓட்டை எதுவும் இல்லை. நெஞ்சில் ஒரு குட்டி டிவியைக் கட்டிக்கொண்டு, கேமரா பார்ப்பதைத் தானும் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். அது கண்ணாடி மாதிரி காட்டாது. அவர் வலப்பக்கம் போனால் திரையில் பறவை இடப்பக்கம் போகும். பேசவேண்டிய வசனத்தையும் உள்ளேயே எங்காவது ஒட்டிவைத்துப் படித்துக்கொள்வார்.

இந்தப் பதிலை எழுதுவதற்கு முன்னால் நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். தலையின் எடை ஏறக்குறைய இரண்டு கிலோ என்பார்கள், அதனால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை வலது கையில் தூக்கிப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் ஆவதற்குள் தோள் கடுக்க ஆரம்பித்தது. இரண்டாவது நிமிஷம் பாதியில் இறக்கிவிட்டேன். சுண்டுவிரலை அசைக்கிற எண்ணமே வரவில்லை, பாட்டுப் பாடுவதெல்லாம் அப்புறம். ஸ்பின்னி இதை 1969-லிருந்து 2015 வரை செய்தார். நிறுத்தும்போது எண்பதைத் தாண்டியிருந்தார்.

எல்லோரும் ஆகா ஓகோ என்கிறீர்கள். எனக்குப் படம் ரொம்ப இனிப்பாக இருந்தது. போதாக்குறைக்குப் பின்னணி இசை வேறு, இங்கே அழு, இங்கே சிரி என்று முதுகில் தட்டிக்கொண்டே இருக்கிறது.
_ஒரு வாசகர், சென்னை_

ஒத்துக்கொள்கிறேன். தேவாலயக் காட்சிக்கு எந்த இசையும் வேண்டியதில்லை, மற்ற இடங்களிலும் பாதியைக் கழற்றியிருக்கலாம்.

ஆனால் இனிப்புக்கு நடுவே சில கசப்புகளும் இருக்கின்றன, நீங்கள் அதற்குள் சலித்துப்போய்விட்டீர்களோ என்னவோ. பெண்பிள்ளைப் பெயரை வைத்துக்கொண்டு பொம்மையோடு விளையாடுகிற பையன் என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி, கோபக்கார அப்பா, முறிந்துபோன முதல் கல்யாணம். செசமி ஸ்ட்ரீட்டுக்கு வந்த புதிதில் சம்பளம் கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டுப் போகிற யோசனையில்தான் இருந்தார். அந்தப் பறவையைத் தைத்த கெர்மிட் லவ் இன்னும் ஒரு மாசம் இருந்து பார் என்று பிடித்துவைத்தார். (தவளைக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான்.)

என்னைக் கேட்டால் படத்திலேயே உருப்படியான சங்கதி வேறு. முதலில் பிக் பேர்டை ஒரு மந்தமான நாட்டுப்புறத்தானாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள், தடுக்கி விழுவது, அசட்டுத்தனமாகப் பேசுவது என்று. இவனைக் குழந்தையாக ஆக்கிவிடலாமே என்றவர் ஸ்பின்னி. அதே உடம்பு, அதே தடுமாற்றம். அதுவரை முட்டாள்தனமாகத் தெரிந்தது அன்றிலிருந்து தெரியாமை ஆகிவிட்டது. எட்டடி உயரத்தில் ஒரு ஆறு வயசுக் குழந்தை, எல்லாவற்றையும் அண்ணாந்து கேட்கிறது.

சேலஞ்சர் விண்கலத்தில் பிக் பேர்ட் போகவிருந்ததாகப் படத்தில் சொல்கிறார்களே, நிஜமா, விளம்பரக் கதையா?
_ஒரு மாணவர், திருநெல்வேலி_

நிஜம்தான். பேச்சு நடந்தது என்று 2015-ல் நாசாவே ஒப்புக்கொண்டது. குழந்தைகளுக்கு விண்வெளி மேல் ஆசை வர இந்தப் பறவையை அனுப்பலாமா என்று யோசித்திருக்கிறார்கள். எட்டடிப் பறவையை அந்தச் சின்ன இடத்தில் எங்கே அடைப்பது? திட்டம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் போனார். 1986 ஜனவரி 28 அன்று கிளம்பிய 73-ஆவது வினாடியில் கலம் சிதறியது. ஏழு பேர்.

என் ஆறு வயசு மகளையும் கூட உட்கார வைத்துவிட்டேன். பறவைக்குள்ளே தாத்தா இருக்கிறார் என்று தெரிந்ததும் ‘அப்போ அது பொய்யா?’ என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்வது?
_ஒரு அம்மா, சேலம்_

நீங்கள் செய்தது தப்பில்லை, ஆனால் கொஞ்சம் அவசரம். பொய் இல்லை, அது தாத்தாவின் கை என்று சொல்லுங்கள். ஒரு காலுறையை எடுத்து உங்கள் கையில் மாட்டி அவளோடு பேசவையுங்கள். கையை விட்டுவிட்டுக் காலுறையிடம் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாள், வேண்டுமானால் பந்தயம்.

குழந்தைகளை நாம்தான் குறைத்து மதிப்பிடுகிறோம். அந்த நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982-ல் இறந்துவிட்டார். ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். செய்யவில்லை. அடுத்த வருஷம் நவம்பரில், பிக் பேர்ட் தான் வரைந்த படங்களை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து, ஹூப்பர் எங்கே, அவருக்கும் ஒன்று வைத்திருக்கிறேன் என்று கேட்கிறது. செத்துப்போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று பெரியவர்கள் தொண்டை அடைக்கச் சொல்கிறார்கள். அந்தப் படங்களை நிஜத்தில் வரைந்ததும் ஸ்பின்னிதான்.

குப்பைத் தொட்டியில் இருக்கும் சிடுமூஞ்சி ஓஸ்கரும் அவரா? நம்ப முடியவில்லை.
_ஒரு வாசகர், ஈரோடு_

அவரேதான். முதல் நாள் வேலைக்குப் போகும்போது ஏறிய டாக்ஸியின் ஓட்டுநர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்காரர், அவர் குரலை அப்படியே எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். வெளியில் இவ்வளவு சாதுவான மனுஷர் உள்ளே சேர்த்துவைத்த எரிச்சலையெல்லாம் கொட்ட ஒரு தொட்டி கிடைத்தது என்பது என் கணிப்பு.

எல்லோரும் ஸ்பின்னியைப் பற்றியே பேசுகிறீர்கள். பக்கத்தில் காத்துக்கொண்டே நின்றாரே ஒருவர், அவர்?
_ஒரு வாசகி, புதுச்சேரி_

அப்பாடா, ஒருத்தராவது கேட்டீர்களே. மேட் வோகல். 1996-லிருந்து பிக் பேர்டுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு நின்றவர். குருவோ விலகுகிறதாக இல்லை, இவரும் அதைப் பற்றி முகம் சுளிக்கவில்லை. 2015-ல் ஸ்பின்னிக்கு நடையில் நிதானம் தவற ஆரம்பித்த பிறகுதான் பறவையின் உடம்பு முழுசாக வோகல் கைக்கு வந்தது. அப்போதும் குரலை விடவில்லை கிழவர், 2018 வரை அதை வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் டிசம்பரில், 85 வயதில், காலமானார். 2017-லிருந்து கெர்மிட் தவளையும் வோகலிடம்தான் இருக்கிறது. தேவாலயத்தில் பாடியதும் பாட்டுக்குச் சொந்தக்காரனும், இரண்டும் இப்போது ஒரே ஆளிடம்.

பறவைக்கு எத்தனை இறகு? கோழி இறகா?
_ஒரு வாசகர், நாமக்கல்_

நாமக்கல்லிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். சுமார் 4,000. வான்கோழி இறகு, மஞ்சள் சாயம் தோய்த்தது. உங்கள் ஊர்ச் சரக்கு இல்லை சார்.