சென்னையிலிருந்து டெல்லிக்குக் குடிபோனால் அங்கத்திய வெயிலும் குளிரும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?

ஏப்ரலில் டெல்லிக்கு மாற்றல், கூடவே மனைவியும் நான்கு வயதுப் பிள்ளையும் வருகிறார்கள், பிறகு அம்மாவும் வந்து தங்குவார், கோடையில் 45, குளிரில் 3 என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வருடம் அங்கே குப்பை கொட்டிவிட்டுத் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒத்துக்கொள்ளும். உடம்பு அதுபாட்டுக்குப் பழகிவிடும். பழகாமல் அடம் பிடிப்பது நம் பழக்கங்கள்தான். ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது குளிப்பது, மாவை எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் அங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நான் வேலூர்க்காரன். எங்கள் ஊரை வெயிலூர் என்றுதான் கேலி செய்வார்கள். மே மாதத்தில் 40-ஐத் தாண்டாவிட்டால்தான் எங்களுக்கு அது செய்தி. எனக்கா வெயில் என்ற திமிரோடு ஒரு மே மாதக் கடைசியில் போய் இறங்கினேன். லாஜ்பத் நகரில் ஒரு பர்சாத்தி கிடைத்தது. மொட்டைமாடியில் கட்டிய ஒற்றை அறையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வாடகை குறைவு. ஏன் குறைவு என்பது முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தபோது தெரிந்தது. மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுட்டது. அப்புறம் ராத்திரியே இரண்டு பக்கெட் பிடித்து அறைக்குள் வைத்துவிடுவேன், மறுநாள் அதில்தான் குளியல்.

இப்போது அந்த 45-க்கு வருவோம். சென்னைக்காரரான நீங்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முக்கியமாக நம்பியிருப்பது வியர்வையைத்தான். வியர்வை வழிந்தால் பயனில்லை, அது காய வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் காயாது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள், அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்றாக வியர்வை உடம்பைக் குளிர்விக்கும். டெல்லியில் மே மாதம் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அந்த அளவு சுமார் 24. சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் சுமார் 29. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறவனுக்குச் சென்னையின் 35 டெல்லியின் 42-ஐவிட மோசம். சட்டை நனையாத வெயிலை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்.

ஆனால் அதிலேயே ஒரு வம்பும் இருக்கிறது. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்றே தெரியாது. சென்னையில் சட்டை எச்சரிக்கும், அங்கே எச்சரிக்காது. முதல் வாரம் கரோல் பாகில் சாமான் வாங்க அலைந்துவிட்டு, வியர்க்கவே இல்லையே என்று சந்தோஷமாக வீடு திரும்பி, தலைசுற்றிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி ஆம் பன்னா கொண்டுவந்து கொடுத்தார். சுட்ட மாங்காய், சீரகம், கருப்பு உப்பு போட்ட பானகம் மாதிரி ஒன்று. கையோடு ஒரு வெங்காயத்தையும் கொடுத்து, வெளியே போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொள், லூ அண்டாது என்றார். லூ என்பது ராஜஸ்தான் பக்கமிருந்து மத்தியானத்தில் வீசுகிற அனல்காற்று. வெங்காயம் அதை எப்படித் தடுக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அவர் சொன்ன மற்றது முழுக்கச் சரி: காதையும் தலையையும் துண்டால் மூடு, வெறும் வயிற்றோடு வெளியே போகாதே, தாகம் எடுக்கும்வரை காத்திராதே. நம் நீர்மோரே அங்கே சாச் என்ற பெயரில் எல்லா இடத்திலும் கிடைக்கும். பிள்ளைக்கு அதைப் பழக்குங்கள். யாருக்காவது உடம்பு கொதித்து, பேச்சும் குழறினால், தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அந்த நிலையில் கைவைத்தியம் பார்க்கக் கூடாது.

ஜன்னல் விஷயம் சொன்னேனே. சென்னையில் மத்தியானம் கடற்காற்று எப்போது வரும் என்று ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருப்போம். டெல்லியில் காலை ஒன்பதுக்குள் எல்லாவற்றையும் மூடித் திரை போட்டு, சூரியன் இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும். வீட்டுக்குள் ராத்திரிக் குளிர்ச்சியைப் பிடித்துவைப்பதுதான் கணக்கு. ஜூனில் சில ராத்திரிகள் 30-க்குக் கீழே இறங்காது, அப்போது இந்தக் கணக்கும் உதைக்கும்.

அதற்குத்தான் கூலர். மூன்று பக்கமும் மரச்சீவல் தட்டி, கீழே தண்ணீர்த்தொட்டி, நடுவில் மின்விசிறி, அவ்வளவுதான். தட்டியில் வெட்டிவேர் வைத்ததும் உண்டு. அங்கே அதை கஸ் என்பார்கள். அறை முழுக்க நம்மூர்க் கோயில் வாசனை வரும். உலர்ந்த காற்று ஈரத்தட்டி வழியாக வரும்போது பத்துப் பன்னிரண்டு டிகிரிகூடக் குறையும். நான் செய்த தப்பு என்னவென்றால், ஏ.சி. போலவே கதவு ஜன்னலெல்லாம் அடைத்துவிட்டுக் கூலரைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அறை இட்லிக் கொப்பரை ஆகிவிட்டது. கூலர் ஒரு ஜன்னலில் இருந்தால் எதிர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஈரக்காற்று வெளியேற வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசு அதில்தான் பிள்ளை வளர்க்கும்.

ஜூன் கடைசி, ஜூலை முதலில் மழை வந்ததும் கூலர் செத்துவிடும். காற்றில் ஈரம் ஏறிவிடுவதால் அது வெறும் மின்விசிறிதான். டெல்லிக்காரர்கள் லூவைவிட இந்தப் புழுக்கத்துக்குத்தான் அதிகம் புலம்புவார்கள். எனக்கோ ஊருக்கு வந்தது போலிருக்கும்.

ஏப்ரலில் போவது நல்லதுதான். புது வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் ரத்தத்தில் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் நடமாடினால்தான் இது நடக்கும். ஏ.சி. வீடு, ஏ.சி. கார், ஏ.சி. ஆபீஸ் என்று இருந்துவிட்டால் பழக்கமே வராது, ஒரு ஜூன் மத்தியானம் கரண்ட் போனால் தெரியும்.

வெயிலை இத்தோடு விட்டுவிடலாம். என்னை உண்மையில் வீழ்த்தியது குளிர்தான்.

டிசம்பர் கடைசி. ஒரு வாரம் சூரியனே கண்ணில் படவில்லை. பகலில் 14, ராத்திரி 5. ஊட்டியில் பார்க்காத குளிரா என்று நினைத்தேன். ஊட்டியில் இரண்டு நாள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்து திரும்பினோம். இங்கே அதே குளிரில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்ப வேண்டும். கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் வெளியே மைனஸ் 15 என்பான், வீட்டுக்குள் பனியனோடு உட்கார்ந்து பேசுவான். அவன் வீட்டில் வெப்பமூட்டி உண்டு, சுவருக்குள் குளிர் புகாத அடைப்பு உண்டு. டெல்லி வீடுகள் கோடையை நினைத்துக் கட்டியவை. மொசைக் தரை, மெல்லிய சுவர், சரியாக மூடாத ஜன்னல். ஜனவரி மத்தியானத்தில் வீட்டுக்குள்ளேதான் குளிர் அதிகம், தெருவுக்குப் போனால் தேவலாம் என்றிருக்கும்.

நான் வேலூர் வழக்கப்படி தரையில் பாய் விரித்துப் படுத்தேன். மேலே இரண்டு கம்பளி. ராத்திரி முழுக்கப் பல் அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஆன்ட்டிதான் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். குளிர் மேலேயிருந்து வரவில்லையடா, கீழேயிருந்து வருகிறது என்று ஒரு பஞ்சு மெத்தையும் ஒரு ரஜாயும் கொடுத்தார். ரஜாய் என்றால் பஞ்சடைத்த கனத்த போர்வை. அதைப் பகலில் மாடி வெயிலில் காயப்போட்டுவிட்டு, சூரியன் இறங்குமுன் சுருட்டி எடுத்துவந்து போர்த்திப் பாருங்கள். அந்தச் சுகத்துக்காகவே இன்னொரு தடவை டெல்லிக்குப் போகலாம்.

உடுப்பில் ஒரே தடியான ஜாக்கெட்டை நம்பாதீர்கள். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. மெட்ரோ நெரிசலில் ஒன்றைக் கழற்றிக்கொள்ளவும் வசதி. இதையெல்லாம் சென்னையில் வாங்கிச் சுமக்க வேண்டாம். நவம்பரில் சரோஜினி நகர் போனால் பாதி விலைக்குக் கிடைக்கும். குரங்குக் குல்லாய் போட வெட்கப்படாதீர்கள், ஜனவரியில் அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இருசக்கர வண்டி என்றால் கையுறை, நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே ஒரு செய்தித்தாள். எங்கள் தெரு பால்காரர் சொல்லிக்கொடுத்த வித்தை அது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அங்கீட்டி என்று ஒரு கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வார்கள். திறந்தவெளியில் சரி. அதை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடு தாக்கிக் குடும்பத்தோடு இறந்துபோனார்கள் என்ற செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. காற்றோட்டமில்லாத குளியலறையில் வைத்த கேஸ் கீஸரும் அதே ஆபத்துதான். மின்சார ஹீட்டர் போட்டால்கூடத் தூங்குமுன் அணைத்துவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது தரகர் வாஸ்துவைப் பற்றிப் பேசுவார், நீங்கள் தெற்கு ஜன்னலைப் பற்றிக் கேளுங்கள். டிசம்பர் உச்சிவேளையில் டெல்லிச் சூரியன் தெற்கே சாய்ந்து 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், தெற்குப் பார்த்த ஜன்னல் வழியாக அறையின் நடுவரை வெயில் வரும். ஜூனில் அதே சூரியன் 85 டிகிரியில், கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே. அப்போது அந்த ஜன்னலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. மேல்மாடி கோடையில் அடுப்பு, தரைத்தளம் குளிரில் கிணறு. நடுமாடி கிடைத்தால் விடாதீர்கள்.

சமையலறையிலும் புதுப்பாடம் உண்டு. கோடையில் தோசைமாவு நாலு மணி நேரத்தில் பொங்கி வழிந்து புளித்துவிடும். ஜனவரியில் இரண்டு நாளானாலும் அசையாது. என் மனைவி மாவுப் பாத்திரத்தை ரஜாய்க்குள் சுற்றிவைத்துத் தூங்கவைப்பாள். நாங்கள் ஸ்வெட்டரோடு கிடப்போம், மாவு சுகமாகத் தூங்கும். அம்மா முதல்முறை ஜனவரியில் வந்தபோது தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டே "டேய், எண்ணெய் கல்லாப் போயிடுச்சுடா" என்று கூப்பிட்டார். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும், டெல்லியில் நான்கு மாதம் அப்படித்தான். நல்லெண்ணெய் உறையாது. அதைக் கூடுதலாக எடுத்துப்போங்கள், தோல் வெடிப்புக்கும் ஆகும்.

உங்கள் அம்மாவை முதல்முறை பிப்ரவரி நடுவில் அழைத்துப்போங்கள். வெயில் இதமாக இருக்கும், பூங்காவெல்லாம் பூவாக இருக்கும், ஆர்.கே. புரம் மலை மந்திர் படி ஏறி சுவாமிநாதரைப் பார்க்கலாம். ரத்தக்கொதிப்பு இருந்தால் குளிரில் அது ஏறும் வாய்ப்பு உண்டு, மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அக்டோபர் கடைசியும் நவம்பரும் வேண்டவே வேண்டாம். அறுவடைத் தாளை எரிக்கும் புகையும் ஊர்ப்புகையும் சேர்ந்து, காற்று அசையாமல் தரையோடு கிடக்கும். அதற்கு உடம்பு பழகுவதென்பதே கிடையாது. என்-95 முகமூடி போட்டுக்கொண்டு, பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குளிரில் எனக்குப் பிடித்துப்போன ஒன்று உண்டு. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அரசாங்க ஆபீஸ்காரர்கள் புல்வெளிகளில் வந்து வெயில் காய்வார்கள். வேர்க்கடலை, வெல்லமும் எள்ளும் சேர்த்த கஜக், ஆரஞ்சுப் பழம். வெயிலுக்குப் பயந்து வளர்ந்தவன் வெயிலைத் தேடிப் போய் உட்கார்ந்ததைப் பார்த்தால் வேலூரில் சிரிப்பார்கள்.

நான்கு வருடம் முன்பு, ஒரு மே மாதம், சென்னைக்கே மாற்றலானேன். நம்ம ஊர்தானே என்று வந்தால் முதல் வாரமே உடம்பெல்லாம் வேர்க்குரு, ராத்திரித் தூக்கமில்லை. பழகிய உடம்பு ஒன்பது வருடத்தில் வேறு உடம்பாகியிருந்தது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த கூலரைப் பெருமையாகப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, "தம்பி, இதை நிறுத்திட்டு ஃபேனைப் போடுங்களேன்" என்றார். எதிர் ஜன்னலைத் திறந்தும் பார்த்தேன், கடற்கரைக் காற்றில் அதற்கு வேலையே இல்லை. இப்போது அது பால்கனியில் நிற்கிறது. மூன்று பக்கமும் காற்று வருவதால் உள்ளே வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறோம், அழுகுவதே இல்லை.