ஜெர்ட்ரூட் ஜெக்கில் ரோஜா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோஜா வளர்ப்பு பற்றிய உங்கள் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ‘ஜெர்ட்ரூட் ஜெக்கில்’ என்ற இளஞ்சிவப்பு ஆங்கில ரோஜாவை நட்டு இது இரண்டாம் ஆண்டு. செடி நோஞ்சானாக இல்லை. ஆனால் படத்தில் பார்த்ததற்கும் தோட்டத்தில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றுகிறது. மொட்டு சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கிறது. முதல் முறை பூத்தபோது நல்ல அடர்ந்த நிறம், வெயில் ஏறியதும் வந்த பூக்கள் வெளிறி, சிறுத்துவிட்டன. என் தலைக்கு மேல் ஐந்தாறு தண்டுகள் கம்புபோல நிமிர்ந்து போய், உச்சியில் மட்டும் பூக்கின்றன. கீழே ஒன்றுமில்லை. முள்ளோ தொடவே விடவில்லை.

எனக்கு வேறு ரகத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடலாமா? அல்லது இதை எடுத்துவிட்டு ‘மேரி ரோஸ்’ வைப்பது நல்லதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

ஏமாற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் குறையாகச் சொல்லும் நான்கும், அதாவது சின்ன மொட்டு, நெட்டைத் தண்டு, முள், வெயிலில் வெளுக்கும் நிறம் ஆகியவை, இந்த ரகத்தின் அங்க அடையாளங்களேதான். இன்னும் சந்தேகமிருந்தால் செடியோடு வந்த அட்டையைப் பாருங்கள். வணிகப் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆஸ்போர்ட்’ என்று இருக்க வேண்டும். ‘ஆங்கில ரோஜா’ வகையை உருவாக்கிய இங்கிலாந்து ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டினுடைய ரகங்களின் பதிவுப்பெயர்கள் பெரும்பாலும் ‘ஆஸ்’ என்றுதான் தொடங்கும். விற்பனைப் பெயர் மாறலாம், பதிவுப்பெயர் மாறாது.

இந்தச் செடியைப் புரிந்துகொள்ள அதன் பெற்றோரைப் பார்ப்பதே குறுக்குவழி. 1986இல் வெளிவந்த ரகம் இது. தாய் ‘வைஃப் ஆஃப் பாத்’, ஆஸ்டினின் ஆரம்பகால ஆங்கில ரோஜாக்களில் ஒன்று. தந்தை ‘கோம்த் த ஷாம்போர்’, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான, போர்ட்லண்ட் என்ற பழைய வகையைச் சேர்ந்த ரோஜா. தாயின் வழியில் இன்னும் பின்னே போனால் 1961இல் வந்த ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’ வரும். அது ஆண்டுக்கு ஒரே ஒரு முறை பூத்துவிட்டு, மீதி நாளெல்லாம் நீண்ட கொடித்தண்டுகளை வளர்த்துக்கொண்டிருக்கும் செடி. உங்கள் தலைக்கு மேல் போகும் கம்புகளில் அந்த மூதாதையின் வேகம் இருக்கிறது. மணமும், இதழ்கள் நெருங்கி அடுக்கிய பூவின் அமைப்பும், பூவை ஒட்டியே இலை நிற்கும் தோற்றமும் தந்தையிடமிருந்து வந்தவை. பெயருக்கு உரிய ஜெர்ட்ரூட் ஜெக்கில் 1843 முதல் 1932 வரை வாழ்ந்த ஆங்கிலத் தோட்டக் கலைஞர். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துப் பிறந்த ரோஜாவுக்கு அவர் பெயர்!

மொட்டைப் பற்றி. கடையில் கிடைக்கும் வெட்டுப்பூ ரோஜாக்களின் நீண்டு கூரிய மொட்டை எதிர்பார்த்தால் இது ஏமாற்றும். சின்னதாக, நுனி சுருண்டு, இறுக்கமாக இருக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. அகலப் பூ விரிவதைப் பார்க்கும்போது இவ்வளவு இதழையும் எங்கே வைத்திருந்தது என்று தோன்றும். முதலில் கிண்ணமாகத் திறந்து, பிறகு தட்டையாகி, நடு இதழ்கள் சுழல் சுழலாகப் படிந்துவிடும். அந்தச் சுழல் ஒழுங்காக இருக்காது, பூவுக்குப் பூ மாறும். விளிம்பு இதழ்கள் நடுப்பகுதியைவிடச் சற்று வெளிர்ந்திருப்பதும் இயல்பே.

நிறம் வெளுப்பது நோயில்லை. இளஞ்சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. வெப்பம் கூடக்கூட இதழில் அது உருவாவது குறையும், உருவானதும் சீக்கிரம் சிதையும். கூடவே, வெயில் காலத்தில் மொட்டு முதிர்ந்து விரிய எடுக்கும் நாட்களும் குறைகின்றன. ஆக, அவசரமாக விரிந்த பூ சிறுத்து, இதழ் குறைந்து, வெளிறி வரும். வெப்பம் தணிந்ததும் அதே செடியில் பழைய அடர்நிறம் திரும்பும். காலை வெயில் முழுதும் விழுந்து, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் லேசான நிழல் கிடைக்கும் இடமாக இருந்தால் கோடைப் பூக்கள் ஓரளவு தேறும். அதற்காக முழு நிழலுக்குக் கொண்டுபோய்விட வேண்டாம். ஆறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் தண்டு இன்னும் நீளும், பூ இன்னும் குறையும்.

வாசனையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது ஆச்சரியம். இந்த ரகத்தை வளர்ப்பவர்கள் முள்ளைப் பொறுத்துக்கொள்வதே அதற்காகத்தான். நாம் பன்னீர் ரோஜா வாசம் என்கிறோமே, அந்தப் பழைய ரோஜா மணம். ஆங்கில ரோஜாக்களில் வெள்ளைப்போளம் என்ற மணப்பிசின் போலக் கசப்பு கலந்த வாசம் கொண்டவை பல உண்டு, தேயிலை மணமும் பழ மணமும் உள்ளவையும் உண்டு. இதில் அந்தக் கலப்பு இல்லை. பாதி விரிந்த பூவில், பனி காய்ந்த பிறகு, வெயில் உறைக்கும் முன் முகர்ந்து பாருங்கள். நண்பகலுக்குள் எண்ணெய்கள் ஆவியாகிவிடும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, கவாத்து. முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்ட வேண்டாம். வேகமான ஒட்டுச்செடி இது. அடியோடு வெட்டினால் வேரில் இருக்கும் பலம் முழுவதும் நாலைந்து தளிர்களுக்குள் பாயும். அவை மறுபடி கம்புகளாகவே நிமிரும், பூவும் தாமதமாகும். நீங்கள் இப்போது பார்க்கும் அதே காட்சியைக் கத்திரிக்கோலால் நீங்களே மீண்டும் உண்டாக்கியதாக முடியும். வெட்டாமல் விட்டாலும் சரிவராது. கீழ்ப்பகுதி மொட்டையாகி, பூ ஏணி வைத்துப் பார்க்கும் உயரத்துக்குப் போய்விடும்.

குளிர்காலத்தின் கடைசியில், மொட்டுக்கணுக்கள் சிவந்து புடைக்கத் தொடங்கும்போது செய்யுங்கள். குளிரே இல்லாத இடமென்றால் ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்களில். முதலில் காய்ந்தது, நோயுற்றது, உரசிக்கொண்டு நிற்பது, பென்சிலைவிட மெலிந்தது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மிஞ்சியவற்றை ஒரே மட்டத்தில் வெட்டாதீர்கள். இதுதான் இந்த ரகத்தில் பலரும் தவறவிடுவது. வெளிவட்டத் தண்டுகளை 60 செ.மீ. உயரத்திலும் உள்வட்டத் தண்டுகளை 90 செ.மீ. அளவிலும் நிறுத்தினால், பூக்கள் ஒரே உச்சியில் குவியாமல் அடுக்கடுக்காக வரும். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு அரை செ.மீ. மேலே வெட்டு விழட்டும். நிமிர்ந்து வளரும் செடி என்பதால் கணுவின் திசை இதற்கு மற்ற ரகங்களைவிட முக்கியம். வெட்டு சாய்வாக இருக்க வேண்டுமா என்று அதிகம் கவலைப்பட வேண்டாம், கத்தி கூராக இருந்தால் போதும்.

முதல் பூப்பு முடிந்ததும் வாடிய பூவை மட்டும் கிள்ளி எறிவது இந்தச் செடிக்குப் போதாது. பூத்த தண்டில் மூன்றில் ஒரு பங்கை, ஐந்து சிற்றிலை கொண்ட ஒரு நல்ல இலைக்கு மேல் வெட்டிவிடுங்கள். அங்கிருந்து கிளம்பும் பக்கத்தளிர் ஆறேழு வாரங்களில் பூக்கும். மூன்றில் ஒன்றுக்கு மேல் போக வேண்டாம். கோடையில் செடி இலையை நம்பித்தான் வாழ்கிறது.

இன்னொரு வழி இருக்கிறது, உங்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே: வெட்டுவதற்குப் பதில் வளையுங்கள். தண்டு நிமிர்ந்து நிற்கும்போது நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் கீழிறங்கி, பக்கக் கணுக்களைத் தூங்கவைக்கிறது. அதனால்தான் உச்சியில் மட்டும் பூ. தண்டைப் படுக்கவைத்தால் அந்த ஆதிக்கம் தளர்ந்து, நெடுக ஒவ்வொரு கணுவும் விழிக்கும். கிளம்பும் ஒவ்வொரு சிறு கிளையின் நுனியிலும் பூ. பின்னால் சுவரோ வேலியோ இருந்தால் 40 செ.மீ. இடைவெளியில் கிடைமட்டமாகக் கம்பி இழுத்து, தண்டுகளை விசிறியாகப் பரப்பி, தரைக்கு 45 பாகைக்கும் குறைவான சாய்வில் கட்டுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் 2.5 மீட்டருக்கு மேல் கொடியாக ஏறிவிடும். சுவர் இல்லையென்றால் தண்டை வில்லாக வளைத்து, நுனியைத் தரையிலிருந்து 30–40 செ.மீ. உயரத்தில் ஒரு முளைக்குச்சியில் கட்டலாம். அந்தந்த ஆண்டு வளர்ந்த தண்டுதான் வளையும். இரண்டு வயது தாண்டியது அடியில் பட்டென்று முறியும். ஒரே நாளில் முழுதும் வளைக்காமல், இரண்டு மூன்று தவணையாக இறக்குங்கள். கட்டுக்கயிறு தண்டை இறுக்காமல் எட்டு வடிவில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு கவாத்தில், பூத்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் போதும். முழங்கை வரை வரும் தோல் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

உரம், நீர் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. புதுத்தளிர் விடும்போது ஒருமுறை, முதல் பூப்பு முடிந்ததும் ஒருமுறை. தழைச்சத்து மிகுந்த உரத்தை வாரிப் போட்டால் கம்பு இன்னும் நீண்டு, தளிர் நீர்கோத்து, அசுவினியும் சாம்பல் நோயும் வந்து சேரும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறையாத ரோஜா உரம் நல்லது. மழையில்லாத நாட்களில் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, செடிக்கு 5 லிட்டர், கொடியாக ஏற்றியதற்கு 10 லிட்டர் என்று அடியில் நின்று ஊற்றுங்கள். அடியில் 5–7 செ.மீ. தடிமனுக்கு மக்கிய உரத்தை மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காமல்.

நோய் எதிர்ப்பில் இது சராசரிதான், இதை மறைத்துப் பயனில்லை. ஆஸ்டினின் பிற்கால ரகங்கள் இந்த விஷயத்தில் வெகுதூரம் முன்னேறிவிட்டன. கரும்புள்ளி நோயின் வித்துகள் முளைக்க இலை தொடர்ந்து ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் இலைமேல் நீர் தெளிப்பது அந்த ஏழு மணி நேரத்தை நாமே தட்டில் வைத்துக் கொடுப்பது. காலையில் அடியில் ஊற்றுங்கள், விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். சாம்பல் நோய்க்குக் காரணம் வேறு: வேர் காய்ந்து, இரவுக் காற்று ஈரமாகவும் அசையாமலும் இருக்கும் இடம். சுவரோரச் செடிகளுக்கு இது சீக்கிரம் வரும் என்பதால் சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி நடுவார்கள். மொட்டு விரியாமலே வெளியிதழ் பழுப்பாக ஒட்டிக்கொண்டால் அது மழை நனைத்து வெயில் காய்ச்சியதன் விளைவு. இதழ் நெருக்கமான எல்லா ரோஜாவுக்கும் உள்ள தொல்லை இது. ஒட்டிய இதழ்களை மட்டும் மெல்ல உரித்துவிட்டால் சில பூக்கள் பிழைக்கும். மழையே இல்லாமல் இதழோரம் கருகினால் இலைப்பேனாக இருக்கும். ஒரு பூவை வெள்ளைத்தாளில் தட்டிப் பாருங்கள், மெல்லிய கோடுபோல ஓடும்.

ஒன்றே ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். அந்த ஐந்தாறு கம்புகளில் ஏதாவது, ரகத்தை ஒட்டுக்கட்டிய கணுவுக்குக் கீழே, வேர் மட்டும் தரும் வேர்ச்செடியிலிருந்து கிளம்பியதா? ஏழு சிற்றிலை இருந்தால் வேர்ச்செடி என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். நல்ல ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, தண்டு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பாருங்கள். கீழிருந்து வந்தால் வெட்டாமல், அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் அடித்துண்டில் உறங்கும் கணுக்கள் இரட்டிப்பாக முளைக்கும். உங்கள் கம்புகள் எல்லாவற்றிலும் இளஞ்சிவப்பு அடுக்குப்பூ வருகிறது என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

மேரி ரோஸ் பற்றி. 1983இல் வந்தது, அதற்கும் தாய் அதே வைஃப் ஆஃப் பாத்தான். ஆனால் குணம் வேறு. 1.2 மீட்டர் அளவில் நிறையக் கிளைவிட்டுப் புதராக நிற்கும். கவாத்தில் பெரிய நுணுக்கம் தேவையில்லை, அதிக இடைவெளி இல்லாமல் பூக்கும், இதழ் தானே உதிர்ந்து சுத்தமாகிவிடும். பூ கொஞ்சம் தளர்ந்த அமைப்பு, நிறம் வெளிர், மணம் மென்மை. அதன் கிளைகளில் தானாக நிகழ்ந்த மாற்றத்திலிருந்து ‘வின்செஸ்டர் கதீட்ரல்’ என்ற வெள்ளை ரகமும், ‘ரெடூட்டே’ என்ற வெளிறிய இளஞ்சிவப்பு ரகமும் கிடைத்திருக்கின்றன. எப்போதாவது ஒரு கிளையில் வேறு நிறப் பூ வந்தால் பதற வேண்டாம்.

வரப்போரமாக இடுப்பளவு புதர் வேண்டுமென்றால் மேரி ரோஸ் வையுங்கள். ஆனால் இருப்பதைப் பிடுங்கி அந்தக் குழியிலேயே வைக்காதீர்கள். ரோஜா இருந்த மண்ணில் புது ரோஜா பெரும்பாலும் சோர்ந்து நிற்கும். குறைந்தது 45 செ.மீ. ஆழ அகலத்துக்கு மண்ணை மாற்ற வேண்டிவரும். அந்த உழைப்பை நாலு கம்பி இழுப்பதில் செலவழித்தால், இருக்கும் செடியே அடுத்த பருவத்தில் அடியிலிருந்து பூக்கும்.