அமெரிக்காவில் பெண்கள் டாக்கிள் ஃபுட்பால் (ஆளை மோதி வீழ்த்தி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்) லீக்குகள் வேகமாக வளர்கின்றன என்கிறார்களே, உண்மையா? வெறும் விளம்பரமா?

உண்மைதான். ஆனால் யார் காசில் வளர்கிறது என்பதையும் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், மகளோ தங்கையோ சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் போலிருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். வுமன்ஸ் ஃபுட்பால் அலையன்ஸில் கீழ்ப்பிரிவு அணி ஒன்றில் சில சீசன்கள் கார்டாக ஆடியவள். பந்து கைக்கே வராது. பந்தை வீசும் எங்கள் குவாட்டர்பேக் மேல் பாய வருகிறவர்களை மோதி நிறுத்துவதுதான் வேலை. இதைச் சொன்னதும் நம் ஆட்கள் நமட்டுச் சிரிப்போடு கேட்பது, “அந்த உள்ளாடை லீக்கா?” இல்லைங்க. லாஞ்சரே ஃபுட்பால் லீக் உள்ளரங்கில் அணிக்கு ஏழு பேர் வைத்து ஆடியது. 2013இல் பெயரை லெஜெண்ட்ஸ் என்று மாற்றிக்கொண்டது. எங்களுடையது பதினொரு பேர், ஹெல்மெட், ஷோல்டர் பேட், முழு மைதானம். இரண்டுமே 2009இல் தொடங்கியவை. கேமரா எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஆடியவர்களைத் தாழ்த்துவதாக யாரும் கிளம்பி வராதீர்கள். அந்த உடையில் அடி வாங்கியவர்கள் என்னைவிடத் தைரியசாலிகள். என் கோபம் அதை அப்படி விற்றவர்கள் மேல்.

ஆட்டமும் புதிதில்லை. அறுபதுகளிலேயே கிளீவ்லாந்தில் சிட் ஃப்ரீட்மன் என்ற ஏஜெண்ட், வேடிக்கை காட்டிக் காசு பார்க்கலாம் என்று பெண்கள் அணிகளை இறக்கினார். வந்த பெண்கள் நிஜமாகவே ஆடிவிட்டார்கள். இதே ஒஹாயோவின் டொலீடோ ட்ரூப்பர்ஸ் எழுபதுகளில் கிட்டத்தட்ட யாரிடமும் தோற்கவில்லை. அவர்களின் லிண்டா ஜெஃபர்சன் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரி! அப்புறம் எண்பதுகளின் கடைசியில் எல்லாம் அடங்கிப்போய், 1999, 2000 வாக்கில் மறுபடி கிளம்பியது. ஒரே சமயத்தில் பல லீக்குகள். ஒவ்வொன்றும் தன் அணிதான் தேசிய சாம்பியன் என்றது. அவற்றில் பல இன்று இல்லை. இப்போது அலையன்ஸும், 2019இல் களமிறங்கிய வுமன்ஸ் நேஷனல் ஃபுட்பால் கான்ஃபரன்ஸும்தான் பெரியவை.

யார் காசில் என்றேனே, எங்கள் காசில்தான். எங்கள் கேப்டன் சீட்டுக்காசு வசூலிப்பதுபோல் நோட்டுப்புத்தகத்தோடு வருவாள். சீசன் கட்டணம் பல நூறு டாலர், ஹெல்மெட்டும் பேடும் தனி. ஒரு முறை வெளியூர் ஆட்டத்துக்கு விடிய விடிய பஸ்ஸில் போனோம். என் பக்கத்தில் சென்டராக ஆடுகிறவள் இரவு ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு ஏறிய நர்ஸ். போய் இறங்கினால் எதிரணியில் ஆளே போதவில்லை. அட்டாக்கிலும் டிஃபென்ஸிலும் அதே பெண்கள் மாறி மாறி ஓடினார்கள். எனக்கு எதிரே நின்றவளுக்கு என்னைவிட வயது அதிகம். ஒவ்வொரு முறை மோதி விழுந்ததும் கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள், அடுத்த முறை இன்னும் பலமாக மோதினாள். மூன்றாம் குவாட்டரில் இரண்டு பேர் அடிபட்டு வெளியேற, ஆட்டத்தை அங்கேயே முடித்துக்கொண்டார்கள். ஜெயித்தோம், யாரும் கத்தவில்லை. அடுத்த சீசன் அந்த அணியே பட்டியலில் இல்லை. ஆனால் அந்தப் பெண் எங்கள் அணிக்கு வந்து சேர்ந்தாள், பயிற்சிக்கு மாநில எல்லை தாண்டிக் காரோட்டிக்கொண்டு.

அதனால்தான் அணி எண்ணிக்கையைக் காட்டி வளர்ச்சி என்றால் எனக்கு எரிச்சல் வருகிறது. 2021இல் பாஸ்டன் ரெனகேட்ஸ் அணி கேன்டனில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு ஆண்கள் அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் சொந்த விமானத்தில் வந்தது பெரிய செய்தியானது. ஒரு விமானப் பயணம் செய்தியாகிறது என்றால் மற்ற அணிகள் எப்படிப் போய் வருகின்றன என்று யோசியுங்கள். நான் மதிக்கும் வளர்ச்சி வேறு. டல்லஸ் டயமண்ட்ஸ் பெண்கள் அணியில் ஆடிய ஜென் வெல்ட்டர் 2015இல் அரிசோனா கார்டினல்ஸில் பயிற்சியாளர் இன்டர்னாகச் சேர்ந்தார், ஆண்களின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில் பெண் ஒருவர் பயிற்சியாளராக நின்றது அதுதான் முதல் முறை. எங்கள் லீக்கில் ஆடிய கேட்டி சோவர்ஸ் 2020இல் அந்த என்.எஃப்.எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஃபார்ட்டிநைனர்ஸ் பயிற்சியாளர்களில் ஒருவராக நின்றார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தமிழ்ச்சங்க விளையாட்டு விழாவில் ஆண்களுக்கு கிரிக்கெட், வாலிபால், ஸ்பான்சர் பெயர் போட்ட கோப்பை. பெண்களுக்கு இன்றும் லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர், பரிசாக டப்பர்வேர். பெண்களுக்கு ஃபிளாக் ஃபுட்பாலாவது வைக்கலாம், அதில் மோதலே கிடையாது, இடுப்பில் தொங்கும் துணியை உருவினால் போதும், 2028 ஒலிம்பிக்கிலேயே வருகிறது என்று கமிட்டியில் சொன்னேன். “பிரியாணி கவுண்டரை யார் பார்ப்பது?” என்று கேட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. தலையில் அடிபட்டு மூளை குலுங்கும் கன்கஷன் வரும், முழங்கால் போகும். ஆண்கள் ஆடும்போது மட்டும் இதை வீரம் என்பவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சேருவதாக இருந்தால் அணி உரிமையாளரிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: அடிபட்டால் யாருடைய காப்பீடு, கட்டிய பணம் சீசன் நடுவில் அணி கலைந்தால் திரும்ப வருமா, ஆட்ட நாளில் மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்குமா. பதில் எழுத்தில் வராவிட்டால் வேறு அணி பார்க்கட்டும். உயரம், எடை பற்றிக் கவலை வேண்டாம், என்னைப்போல் முன்வரிசையில் மோதி நிறுத்த எப்போதும் ஆள் தேவை.