மன்றோ குலத்தின் பூர்வீகம்

சென்னைத் தீவுத்திடலுக்கு அருகே குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கும், மதராஸ் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோவின் குடும்பத்துக்குப் பூர்வீகம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் 1761இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு வணிகருக்கு மகனாகப் பிறந்தவர். ஆனால் மன்றோ என்ற குலப்பெயருக்குத் தாய்மண், அங்கிருந்து வெகுதூரம் வடக்கே, குரோமார்ட்டி கடற்கழியை ஒட்டிய ஃபௌலிஸ் ஆகும்.

அயர்லாந்தின் ரோ ஆற்றங்கரையிலிருந்து 11ஆம் நூற்றாண்டில் வந்த டொனால்ட் என்பவரே குலமுதல்வர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆவணங்களில் ஐயமின்றித் தென்படும் தலைவர்களோ 14ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறார்கள் என்பதால், அதற்கு முந்தைய பெயர்வரிசையை நான் குலக்கதையாக மட்டுமே கொள்கிறேன். மன்றோக்கள் அனைவரும் ஒரே இரத்தம் என்றும் எண்ண வேண்டாம். தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவர் பெயரைச் சூடிக்கொள்வது அங்கே வழக்கம். அரசர் கேட்டால் நடுக்கோடையிலும் பென் வைவிஸ் மலையிலிருந்து ஒரு பனியுருண்டை கொண்டுவந்து தர வேண்டும் என்பதே ஃபௌலிஸ் நிலத்துக்குரிய வரி என்றொரு மரபும் உண்டு. (உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை வகுத்த தாமஸ் மன்றோவின் குலத்துக்கு இப்படியொரு வரி!)

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலக் குலங்கள் என்றாலே, தம் குடும்பம் இழந்த பிரித்தானிய அரியணையை மீட்க வந்த ஸ்டூவர்ட் இளவரசருக்காக வாளெடுத்துத் தோற்றவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மன்றோக்கள் எதிரணியில் நின்றவர்கள். அவர்களின் தலைவர் சர் ராபர்ட் மன்றோ 1746இல் ஃபால்கர்க் போரில் அரசுப் படைக்காகவே உயிரிழந்தார். பிற்பாடு பிரித்தானியப் படையிலும் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் இக்குலத்தார் எளிதாக உயர்ந்ததற்கு இந்த விசுவாசமும் துணைநின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

அவ்வாறு உயர்ந்தவர்களுள் ஒருவர் நோவார் கிளையைச் சேர்ந்த சர் ஹெக்டர் மன்றோ. 1764இல் பக்சாரில் வென்ற இவர், 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார். அந்த வெற்றியின் நினைவாக, ஃபௌலிசுக்கு அருகிலுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில், நாகப்பட்டினக் கோட்டைவாயிலின் சாயலில் ஒரு கல் வாயிலை எழுப்பினார். பிழைப்பின்றித் தவித்த ஊராருக்குக் கூலி கிடைக்கட்டும் என்று அவர் அதைக் கட்டியதாகவும், வேலை நாள்கள் நீள வேண்டும் என்பதற்காக, மேலே சுமந்து சென்ற கற்களை மீண்டும் அடிவாரத்துக்கு உருட்டிவிடச் செய்ததாகவும் அங்குள்ளோர் இன்றும் சொல்கிறார்கள்.